கச்சேரிக்கும் சினிமாவுக்கும் ஒரே ஸ்பீக்கர் போதுமா?

பாபநாசத்தில் புது வீடு கட்டிக் குடிபோன ஒருவர் கேட்டிருக்கிறார். ஹால் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, டி.வி. 12 அடிச் சுவரில். அப்பாவுக்குக் கச்சேரியும் நாதஸ்வரமும் வேண்டும். பிள்ளைகளுக்குப் படம். மனைவிக்கு, ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் வசனம் புரிய வேண்டும். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஐந்து சின்னப் பெட்டியும் பேஸுக்கு ஒரு பெரிய பெட்டியும் உள்ள 5.1 ஹோம் தியேட்டரா, டி.வி.க்கு அடியில் நீளமாக வைக்கும் சவுண்ட்பாரா, இல்லை பாட்டுக்கென்று தனியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டியா என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பெட்டி இரண்டு, அதை ஓட்ட ஒரு ஏ.வி. ரிசீவர் (டி.வி.யின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி). இந்த வருடத்துக்கு அவ்வளவுதான். அடுத்த வருடம் பணம் சேர்ந்ததும், ஆழ்ந்த பேஸ் ஒலிக்கு மட்டுமான பெட்டியான ஒரு சப்வூஃபர். அதற்கப்புறமும் குறை தெரிந்தால் வசனத்துக்கென்று நடுவில் ஒரு சென்டர் ஸ்பீக்கர். பின்பக்க ஸ்பீக்கர்கள் கடைசி. 60,000 ரூபாயை இன்றைக்கே ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஆறுமே சுமாராகத்தான் வரும்.

பாட்டு ஸ்பீக்கர், பட ஸ்பீக்கர் என்று கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். உண்மையில் அப்படி இரண்டு இனம் கிடையாது. குரலை உள்ளபடி தரும் பெட்டி வசனத்தையும் உள்ளபடிதான் தரும். படத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு: அடியாழத்தில் கொஞ்சம் சத்தம், அவ்வப்போது திடீரென்று எழும் வேகத்தைத் தாங்கும் தெம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ("ஸ") ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 131 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு 196. மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடது பக்கம் இதைவிடக் கீழே போகும், ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் பெட்டி இருந்தால் ஒரு கச்சேரியில் பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். படத்தில் 5.1 என்கிறோமே, அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் 1 என்பது இடி, வெடி, பூகம்பத்துக்கென்றே ஒதுக்கிய தடம். அது 20 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை. ஆக, கச்சேரிக்கும் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அந்த இடத்தைப் பிற்பாடு ஒரு சப்வூஃபர் நிரப்பிவிடும். அதற்கு மேலே உள்ள அத்தனைக்கும் இரண்டு நல்ல பெட்டிதான் பொறுப்பு.

இதே கணக்கைச் சின்ன 5.1 செட்டுக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஐந்து குட்டிப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. குட்டிப் பெட்டிக்குள் இருக்கும் மூன்று அங்குல ஸ்பீக்கரால் 150, சிலவற்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்ய முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் மூலையில் கிடக்கும் பெரிய பெட்டியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு கட்டையில் பாடுகிறவரின் ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் என்று பார்த்தோம். அப்படியானால் பாடகரின் ஆதார சுருதி சோபாவுக்குப் பக்கத்து மூலையிலிருந்தும், சாகித்யம் டி.வி.க்கு அடியிலிருந்தும் வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சுலபத்தில் சொல்லாது. அதற்கு மேலே போகப் போகக் கண்டுபிடித்துவிடும். உங்கள் அப்பா இதைக் கேட்டு "என்னமோ சரியா இல்லப்பா" என்பார். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

சவுண்ட்பாரில் டி.வி.யின் சொந்தச் சத்தத்தைவிட வசனம் தெளிவாக இருக்கும், அதை மறுக்கவில்லை. படுக்கையறைக்கு நல்லது. ஆனால் எல்லா ஸ்பீக்கரும் ஒரே குழலுக்குள் நெருக்கி இருப்பதால் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்ற மேடை விரிவு அதில் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலானவற்றில் நாளைக்கு ஒரு நல்ல பெட்டியை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்காது.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். வசனம் புரியாதது பல வீடுகளில் ஸ்பீக்கரின் குற்றமே இல்லை. போன வருடம் மன்னார்குடியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மாமியார் இதையேதான் சொன்னார். பாட்டு நன்றாக இருக்கிறது, பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார். போய்ப் பார்த்தேன். சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸின் கீழ்த்தட்டில், ஒரு முழம் உள்ளே தள்ளி, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. முகம் எதிரே உட்காருகிறவரின் முழங்காலைப் பார்த்தபடி. அதை வெளியே இழுத்துத் தட்டின் விளிம்போடு விளிம்பாக வைத்து, முன்பக்க அடியில் செய்தித்தாளை மடித்துக் கொடுத்துக் காதைப் பார்க்க நிமிர்த்தினேன். அப்புறம் இடது பக்கப் பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறிப் போயிருந்ததைக் கழற்றிச் சரியாக முறுக்கினேன். அரை மணி நேர வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் ஒலியை நான்கைந்து எண் குறைத்து வைத்துப் படம் பார்த்தார்.

இரண்டே பெட்டி இருக்கும் உங்கள் வீட்டில் வசனம் எங்கிருந்து வரும்? இரண்டிலும் ஒரே சத்தம் ஒரே அளவில் வந்தால், காது அதை நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நேர் எதிரே உட்கார்ந்தால் நடிகரின் வாயிலிருந்தே வருவது போல இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரிசீவரின் அமைப்பில் சென்டர் ஸ்பீக்கர் "இல்லை" என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், இல்லாத பெட்டிக்கு வசனம் போய்விடும், உங்களுக்கு மழைச் சத்தமும் பின்னணி இசையும்தான் மிஞ்சும். ராத்திரிக்கு "நைட் மோட்" மாதிரி ஒரு வசதி ரிசீவரில் இருக்கும். அது வெடிச் சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் மனைவிக்குத் தேவையானது அதுதான். காலையில் கச்சேரி கேட்கும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும்.

ஒலி இப்படி நடுவில் சரியாக விழுகிறதா என்று பார்க்க நம் ஊரிலேயே அருமையான சோதனை இருக்கிறது. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1956-ல் மறைந்தவர், பதிவுகள் மோனோ. மோனோ என்றால் இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம். ஆகவே நாதஸ்வரம் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், ஓர் ஆள் நிற்பது போல நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டிகளின் தூரம் ஏறுக்குமாறாக இருக்கிறது அல்லது ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் வாசற்படியுமாக இருக்கிறது. இடமே தெரியாமல் ஹால் முழுக்கப் பரவிக் கிடந்தால் ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் மீட்டர் சொல்லாததை அந்த வாசிப்பு சொல்லிவிடும்.

நாதஸ்வரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. காவிரிக் கரை நாணலில் செய்த சீவாளி என்ற ஊதுமுனை வழியே வரும் அந்த ஒலியில் மேல்சுரங்கள் (ஆதாரச் சுரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள்) நிறைய. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர், மலிவானதாக இருந்தால் அந்த இடத்தில்தான் கத்தும். கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் "ஆஹா, என்ன பளிச்சென்று இருக்கிறது" என்று தோன்றும். இருபது நிமிடம் கேளுங்கள். கை தானாக ரிமோட்டைத் தேடிப் போய் ஒலியைக் குறைத்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்தது மிருதங்கம். திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன் 1920-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணத் தோலை அடித்தால் வரும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவே ஏற்றும் "சாதம்" என்ற கறுப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்தித் தந்தியைப் போல சுருதியோடு சேர வைக்கிறது என்பது அவர் கண்டது. அதனால்தான் மிருதங்கத்தைத் தம்புராவோடு சுருதி சேர்க்க முடிகிறது. ஸ்பீக்கர் பெட்டியின் பலகை மெலிந்திருந்தால் அது தன் சொந்தச் சுருதி ஒன்றைக் கூடவே முனகும். மிருதங்கத்தில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். "தீம்" என்று விழ வேண்டியது எல்லா அடிக்கும் ஒரே மாதிரி "பொம் பொம்" என்று விழும். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். விரலால் பெட்டியின் பக்கவாட்டில் தட்டியும் பாருங்கள், தேங்காய் பார்ப்பது போலத்தான். கெட்டியான சத்தம் வர வேண்டும்.

சரி, உங்கள் ஹாலுக்கு வருவோம். விலையைவிட இதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புது வீடு, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் மேல்தளம், தரையில் டைல்ஸ். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் "டிர்ர்" என்று சத்தம் ஓடினால் சுவருக்கும் சுவருக்கும் பந்து விளையாடுகிறது என்று அர்த்தம். இந்த அறையில் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டி வைத்தாலும் வசனம் கலங்கித்தான் கேட்கும். ஒரு கனமான தரை விரிப்பு, ஜன்னலுக்குக் கொசுவிய தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தகங்கள் நிறைந்த அலமாரி, துணி போர்த்திய சோபா போதும். கோரைப்பாய் மெல்லியது, பெரிதாக உதவாது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

பேஸ் இதற்கெல்லாம் மசியாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே மூன்றரை மீட்டர், திரைத்துணி அதை என்ன செய்யும்? நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். உங்கள் ஹாலின் 14 அடி நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸும், 12 அடி அகலத்துக்கு 48-ம், 10 அடி உயரத்துக்கு 57-ம் சுவருக்குள் அடைபட்டு உப்பி நிற்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியும் 41 என்று மேலே சொன்னேன், உங்கள் ஹாலில் அந்த ஒரு சுரம் மட்டும் வீட்டையே ஆட்டும். இதற்கு மருந்து இடம் மாற்றுவதுதான். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த உப்பல் உச்சத்தில் இருக்கும். நீளவாக்கில் நட்ட நடுவில், ஏழாவது அடியில் ஊஞ்சலைப் போட்டு உட்கார்ந்தால் அதே 41 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் உட்காருங்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முற்றமும் தாழ்வாரமும் கூடமுமாக உள்ள ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. சத்தம் முற்றத்து வழியே வானத்துக்குப் போய்விடும், அறை உப்பாது. அதே காரணத்தால் பேஸ் மெலிந்து கேட்கும், அங்கே கொஞ்சம் பெரிய பெட்டியாக வாங்கலாம்.

எதை வாங்குவது? ஆறு அல்லது ஆறரை அங்குல வூஃபரும் (கீழ் ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) துணி டோம் ட்வீட்டரும் உள்ள புக்‌ஷெல்ஃப் வகைப் பெட்டி. பணத்தில் பாதிக்கு மேல் இதற்குப் போகட்டும், ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும் நாலாயிரம் ஒதுக்கிவிட்டு மீதியில் ரிசீவர். ஏ.வி. ரிசீவர் பாட்டுக்கு ஆகாது, ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர்தான் வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். இந்த விலையில் அந்த வித்தியாசத்தைவிட உங்கள் டைல்ஸ் தரை செய்யும் வித்தியாசம் பல மடங்கு பெரிது. டி.வி.யின் சத்தத்தை ரிசீவருக்குக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி., சப்வூஃபருக்குத் தனி அவுட், அறையை அளந்து திருத்தும் சின்ன மைக், இந்த மூன்றும் இருந்தால் போதும். ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்கலாம், படம் வேண்டாம். உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். பெட்டி அட்டையில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்சம்) என்று போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய அளவான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். 87 டெசிபல் திறனுள்ள (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் தரும்) இரண்டு பெட்டி ஒரே ஒரு வாட்டில் உங்கள் சோபாவுக்கு 80 டெசிபலுக்கு மேல் தரும், சாதாரணப் பேச்சே 60 சொச்சம்தான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்கு வேண்டும். ஆகவே 50 உண்மையான வாட் உங்கள் ஹாலுக்குத் தாராளம். மைக் செட்டுக்காரரிடம் சொல்லி 15 அங்குல டி.ஜே. பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கலாமே என்று தோன்றும். கோயில் திருவிழாவில் தெருக்கோடி வரை கேட்பதற்காகச் செய்தது அது, எட்டடி தூரத்தில் ராத்திரி மெல்லக் கேட்பதற்குச் சரிப்படாது.

வைக்கும் முறை: இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறரை அல்லது ஏழு அடி, டி.வி. சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், ட்வீட்டர் காது உயரத்தில், முகம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி. ஷோகேஸுக்குள் மட்டும் வைக்காதீர்கள், கார்பென்டர் எவ்வளவு அழகாக இடம் விட்டிருந்தாலும் சரி. ஒயருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஒன்றரை அல்லது இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும், மீட்டர் ஆயிரம் ரூபாய் கேபிள் தேவையில்லை.

சப்வூஃபர் வாங்கும்போது பத்து அங்குலம் பாருங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது அதற்குப் போகும்படி ரிசீவரில் பிரித்துவிடுங்கள். இடம் கண்டுபிடிக்க ஒரு வழி: அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, சுவரோரமாக மண்டியிட்டு நகர்ந்து கேளுங்கள். எங்கே சுரங்கள் ஒவ்வொன்றும் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். அளவு சரியா என்று பார்க்க, கச்சேரி நடக்கும்போது அதை அணையுங்கள். மிருதங்கம் பெரிதாக மாறியது போலத் தெரியக்கூடாது. படத்தில் இடி விழும்போது அணைத்தால் தெரிய வேண்டும்.

அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வந்தால் ஸ்விட்சை அணைப்பது பற்றாது, பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் டி.வி. ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து. பல ரிசீவர்கள் செத்தது அந்த ஒயர் வழியாக வந்த அடியில்தான். ஓயாமல் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால் முதலில் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலும் இதே இரைச்சல் வரும், சைன் வேவ் நல்லது. வூஃபரைச் சுற்றி ஓரத்தில் இருப்பது ரப்பரா, பஞ்சு ஃபோமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் நிற்கும். பெரும்பாலான பெட்டிகள் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான், அடியில் தண்ணீர் பட்டால் பன்ரொட்டி போல ஊதிவிடும். சப்வூஃபரைத் தரையில் வைக்காமல் ஒரு கடப்பா கல் துண்டின் மேல் வையுங்கள், அடைமழையில் வாசல் வழியாக வரும் தண்ணீருக்கும் வீடு கழுவும் தண்ணீருக்கும் அது போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் ஒயர் முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்த்து நறுக்கிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

கடைக்குத் திருச்சியோ சென்னையோ போகும்போது அப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். படத்தை நீங்கள் எந்தப் பெட்டியிலும் ரசித்துவிடுவீர்கள், சுருதி விலகினால் கண்டுபிடிப்பவர் அவர்தான். மூன்று பதிவுகள் அவர் கையில் இருக்கட்டும்: தம்புரா மட்டும் ஒலிக்கும் ஓர் ஆலாபனைத் தொடக்கம், ஒரு தனி ஆவர்த்தனம், நாதஸ்வரத்தில் ஒரு மல்லாரி. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கிறதா என்று பாருங்கள், கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருடைய ஈஸி சேரைப் பின்சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் படம் பார்க்கும்போது அவர்கள் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்ளட்டும்.